ஸ்டிக்கரில் இல்லாத எண்

இரண்டு லட்சம் ரூபாய்க்கு கேமிங் லேப்டாப் வாங்குகிறவர் தவறாகத் தேர்ந்தாலும் பெரிதாக இழப்பதில்லை. அந்த விலையில் எதை எடுத்தாலும் ஓரளவு நன்றாகவே ஓடும். 70,000 ரூபாயோடு கடைக்குப் போகிறவரின் நிலை வேறு. அந்த விலையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கும் இரண்டு லேப்டாப்புகளில் ஒன்று கல்லூரிப் படிப்பு முடியும்வரை தாங்கும். மற்றொன்று இரண்டாம் வருடமே புதிய கேம்களைத் திறக்கத் திணறும். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பணம் குறைவாக இருப்பவருக்குத்தான் விவரம் அதிகம் தேவைப்படுகிறது. அவருக்குத்தான் அது எளிதில் கிடைப்பதும் இல்லை. இதை வெறும் கடைவீதிச் சங்கடமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. இது நியாயம் சம்பந்தப்பட்ட விஷயம்.

2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, ஏராளமான வீடுகளுக்குள் வந்த முதல் கணினி அதுதான். அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து இன்று கல்லூரிக்குப் போகும் தம்பியும் தங்கையும் கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப் கேட்கிறார்கள். "படிப்புக்கு" என்றுதான் கேட்கிறார்கள். அது பொய்யல்ல. பிளெண்டரில் ரெண்டர் செய்யவும், சாலிட்வொர்க்ஸில் மாடலைச் சுழற்றிப் பார்க்கவும், பைடார்ச்சில் சிறிய மாடலைப் பயிற்றுவிக்கவும் கிராபிக்ஸ் கார்டு உதவும். ஆனால் கேம் ஆடவும் வேண்டும் என்பதை வீட்டில் சொல்லத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்துக்கு ஒரு விலை உண்டு. "படிக்கத்தானே" என்று அப்பா எடை குறைந்த, மெல்லிய ஐ7 லேப்டாப் ஒன்றைக் கடன் வாங்கியாவது எடுத்து வருவார். அதில் தனி கிராபிக்ஸ் கார்டே இருக்காது. பிள்ளைக்கு ஏமாற்றம், ஏன் முகம் வாடுகிறது என்று அப்பாவுக்குப் புரியாது. கேம் ஆடுவது மறைக்க வேண்டிய ஆசை அல்ல. எந்தெந்த கேம், எந்தெந்த மென்பொருள் என்று பெயர் சொல்லி ஒரு தாளில் எழுதிவிட்டு, அதற்குப் பிறகு வீட்டில் பணத்தைப் பற்றிப் பேசுவதுதான் முறை. வேலரன்டும் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-உம் ஆடுகிறவருக்கு வேண்டியது ஒன்று. சைபர்பங்க் 2077 ஆட நினைப்பவருக்கு வேண்டியது வேறு. முன்னவர் பின்னவருக்கான விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

தாளில் எழுதியாகிவிட்டால் அடுத்த கேள்வி, எதைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், எதை மாற்றவே முடியாது என்பது. கேமிங் லேப்டாப்பில் கிராபிக்ஸ் சிப்பும் பிராசஸரும் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டவை. உள்ளே வெப்பத்தைக் கடத்தும் செப்புக் குழாய்களும் விசிறிகளும் அந்த மாடலுக்கென்றே வடிவமைத்தவை. திரையை மாற்றலாம் என்றாலும் ஆகும் செலவுக்குப் பெரும்பாலும் கட்டுப்படியாகாது. ரேமும் எஸ்எஸ்டியும் மட்டுமே பல மாடல்களில் கழற்றி மாட்டக்கூடியவை. கைப்பணம் முதலில் போக வேண்டியது மாற்ற முடியாதவற்றுக்கு. கடைகளில் நடப்பதோ நேர்மாறு. 16 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி என்று பின்னால் கூட்டிக்கொள்ளக்கூடியவற்றைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். என்றென்றைக்கும் மாறாத விஷயங்கள் பொடி எழுத்தில்கூட இருப்பதில்லை.

அவற்றில் முதலாவது வாட். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4050 லேப்டாப் சிப் 2023-இல் வந்தது. அதற்கு 35 முதல் 115 வாட் வரை எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்பதை லேப்டாப் தயாரிக்கும் நிறுவனமே முடிவு செய்கிறது. 4060-க்கும் அதே வரம்புதான். மின்சாரம் குறைந்தால் வேகம் குறையும். ஒரு கட்டத்துக்கு மேல் வாட்டைக் கூட்டினாலும் வேகம் அந்த அளவுக்குக் கூடாது என்பது உண்மை. ஆனால் கீழ்வரிசையில், 45 வாட்டுக்கும் 90 வாட்டுக்கும் நடுவே, வித்தியாசம் விளையாடுகிறவரின் கண்ணுக்கே தெரியும். மூச்சைப் பிடித்துவைத்த ஒரு 4060, தாராளமாக மின்சாரம் பெறும் 4050-க்குப் பின்தங்கக்கூடும். ஒருகாலத்தில் குறைந்த மின்சாரத்தில் ஓடும் வகைகளுக்கு மேக்ஸ்-கியூ என்ற தனிப் பெயர் இருந்தது. 2017-இல் அறிமுகமான அந்தப் பெயர் இருந்தால் வாங்குகிறவருக்கு ஒரு துப்பாவது கிடைக்கும். 2021-இல் 30 வரிசை வந்தபோது சிப்பின் பெயரிலிருந்து அந்தத் துப்பும் போயிற்று. எதிர்ப்பு எழுந்த பிறகே, வாட் விவரத்தைத் தங்கள் இணையதளங்களில் வெளியிடுமாறு தயாரிப்பாளர்களிடம் என்விடியா சொன்னது. இணையதளத்தின் ஏதோ ஒரு மூலையில் அந்த எண் இப்போது இருக்கிறது. லேப்டாப்பின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரில் இல்லை.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் அம்மாவோடு வந்திருந்த பையன் ஒருவன் இதைத்தான் கேட்டான்.

"அண்ணா, இந்த 4050 எத்தனை வாட்?"

"சார்ஜர் 180 வாட் தம்பி. பெருசு."

"சார்ஜர் இல்லண்ணா. கிராபிக்ஸ் கார்டுக்கு எவ்வளவு போகுது?"

கடைக்காரர் அட்டைப்பெட்டியை நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "அதெல்லாம் போடலையேப்பா. 4050ன்னா எல்லாம் ஒண்ணுதான்." பிறகு அம்மாவிடம், "ஐ7-ல ஒண்ணு இருக்கும்மா, இதே ரேட்டுதான், பாக்குறீங்களா?" என்றார்.

அவர் ஏமாற்றவில்லை. அவருக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பையன் அனுமதி கேட்டு, காட்சிக்கு வைத்திருந்த லேப்டாப்பில் என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து, சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பகுதியில் அதிகபட்ச கிராபிக்ஸ் பவர் என்ற வரியைக் காட்டினான். 75 வாட். பக்கத்திலிருந்த இன்னொரு நிறுவனத்தின் லேப்டாப்பிலும் அதே 4050. அதில் 105 வாட். விலையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கடைக்காரரே குனிந்து உற்றுப் பார்த்தார். அந்தப் பையனுக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் வாங்கிப் போகிற குடும்பங்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

இரண்டாவது, கிராபிக்ஸ் கார்டுக்கென்று உள்ள தனி நினைவகம். கேமில் தெரியும் சுவர், மரம், முகம் எல்லாவற்றுக்குமான படங்கள் அதில்தான் நிற்கும். அது நிரம்பிவிட்டால் மீதியைச் சாதாரண ரேமிலிருந்து இழுத்துவர வேண்டும். ஓட்டம் விட்டுவிட்டுத் தடுக்கும். 2021-இல் வந்த லேப்டாப் 3050-க்கு 4 ஜிபி. பிறகு அதே பெயரில் 6 ஜிபி வகையும் வந்தது. 2050 என்ற பெயரில் விற்கும் சிப்பிலும் 4 ஜிபிதான். 4050-இல் 6, 4060-இலும் 2025-இல் வந்த 5050-இலும் 8. 2024 டிசம்பரில் வெளியான இண்டியானா ஜோன்ஸ் கேமும், 2025 மே மாதம் வெளியான டூம்: த டார்க் ஏஜஸ் கேமும் குறைந்தபட்சத் தேவையாகவே 8 ஜிபியைக் குறிப்பிட்டன. வேலரன்ட் மட்டும் போதுமென்றால் 4 ஜிபி இன்றும் போதும். புதிய பெரிய கேம்களைச் சில வருடங்கள் ஆட வேண்டுமென்றால் 4 ஜிபியை வாங்கவே கூடாது. 6 ஜிபியில் பல கேம்களைச் சமாளிக்கலாம், எல்லாவற்றையும் அல்ல. 8 ஜிபிக்குச் சில ஆயிரம் கூடுதலாகக் கொடுக்க முடிந்தால் கொடுப்பதே சரி.

பிராசஸரைப் பற்றி நம் ஊரில் எல்லோருக்கும் ஒரு கேள்வி தெரியும்: ஐ5-ஆ, ஐ7-ஆ? கேமுக்கு அந்தக் கேள்வி போதாது. ஐ7-1255யூ என்பதில் வேகமான கோர்கள் இரண்டுதான். அது மெல்லிய லேப்டாப்புக்காகச் செய்த 15 வாட் சிப். ஐ5-12450எச்-இல் வேகமான கோர்கள் நான்கு. அடிப்படை மின்சாரம் 45 வாட். கேமுக்கு ஏற்றது பின்னதுதான். முன்னால் உள்ள 7-ஐ விடக் கடைசியில் உள்ள எழுத்துக்கு மதிப்பு அதிகம். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பார்க்க வேண்டும். 7735எச்எஸ்-இல் உள்ள 3, அது முந்தைய தலைமுறை வடிவமைப்பு என்று சொல்கிறது. 7840எச்எஸ்-இல் உள்ள 4 அதற்கடுத்த தலைமுறை. பழையது என்பதால் அது மோசம் என்றில்லை. அதைப் புதியதன் விலைக்கு வாங்கக்கூடாது, அவ்வளவுதான். இந்த விலையில் பிராசஸரை ஒரு படி இறக்கி அந்தப் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடுவது பெரும்பாலான கேம்களுக்கு லாபம்.

திரையில் 144 ஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பதைப் பார்த்து மனநிறைவு அடைந்துவிடுகிறோம். 60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லிசெகண்ட் நிற்கும், 144-இல் 6.9 மில்லிசெகண்ட். வேகமான துப்பாக்கிச் சண்டை கேம்களில் இது கைக்குத் தெரியும். ஆனால் மலிவான திரைகளில் நிறத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள். 45% என்டிஎஸ்சி என்று விவரப் பட்டியலில் இருந்தால் அது வெளிறிய திரை. 100% எஸ்ஆர்ஜிபி இருந்தால் நிறம் சரியாக இருக்கும். போட்டோஷாப்பிலோ வீடியோ எடிட்டிங்கிலோ நாளை சம்பாதிக்க நினைக்கும் பிள்ளைக்கு இது அலங்காரம் அல்ல, தொழிற்கருவி.

வெப்பம் நமக்கே உரிய கவலை. விமர்சனக் காணொளிகளில் சோதனை பெரும்பாலும் குளிரூட்டிய அறையில் நடக்கிறது. நம் வீட்டில் மே மாதப் பிற்பகலில் அறைக்குள்ளேயே 35 டிகிரி இருக்கும். அறை எவ்வளவு சூடோ அந்த அளவுக்கு உள்ளேயும் சூடு கூடும். சிப் 95, 100 டிகிரியை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் நம் ஊருக்குத் தடிமனான, இரண்டு விசிறியும் பின்பக்கம் அகன்ற காற்று வழியும் உள்ள லேப்டாப்பே நல்லது. அழகாக மெலிந்திருப்பதற்கு நாம் தரும் விலை வேகம்.

இனி மாற்றக்கூடியவை. 8 ஜிபி ரேம் ஒரே துண்டாக இருந்தால் நினைவகத்தின் பாதையில் பாதிதான் பயன்படும்; இரண்டு துண்டானால் முழுப் பாதையும் திறக்கும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைத் திறந்தால் இரண்டு ஸ்லாட்டுகளில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்று தெரியும். இதுவரை நண்பர்களுக்கு எல்லோரும் சொல்லிவந்த யோசனை, 8 ஜிபியில் வாங்கு, பிறகு மலிவாக ஏற்றிக்கொள் என்பது. 2025 இறுதியில் அந்த யோசனை ஆட்டம் கண்டது. செயற்கை நுண்ணறிவுக்கான சர்வர்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டு போக, ரேம் விலை வேகமாக ஏறியது. 2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், கடைகளில் விற்றுவந்த தன் குரூஷியல் வணிகத்தையே நிறுத்துவதாக அறிவித்தது. எங்கோ எழும் தரவு மையத்தின் செலவில் ஒரு பங்கு நம் பிள்ளையின் பட்ஜெட்டிலும் விழுகிறது. ஆகவே இப்போது 16 ஜிபியோடு வரும் லேப்டாப்புக்குக் கேட்கும் கூடுதல் விலையையும், தனியாக ரேம் வாங்கினால் ஆகும் விலையையும் அன்றைய நிலவரப்படி ஒப்பிட்டுப் பார்க்காமல் முடிவெடுக்கக்கூடாது. பின்பக்கத்தைத் திறந்தால் வாரண்டி போகுமா என்பதையும் வாய்வார்த்தையாக இல்லாமல் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

தவணையிலும் கவனம் வேண்டும். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. இன்றைய 'நோ காஸ்ட்' தவணைகளில் வட்டித் தொகையை முன்கூட்டியே தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுகிறார்கள். அந்த வட்டிக்கான 18% ஜிஎஸ்டியும் செயலாக்கக் கட்டணமும் பெரும்பாலும் நம் தலையில் விழும். ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை என்று கேட்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது என்பதும் விலையின் ஒரு பகுதிதான். தேனியிலோ அரியலூரிலோ இருப்பவருக்கு வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் வாரண்டி, இன்னும் கொஞ்சம் கூடுதல் வேகத்தைவிடப் பெரியது.

இவ்வளவையும் ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை தானே தேடித் தெரிந்துகொண்டால்தான் குடும்பத்தின் சேமிப்பு வீணாகாது என்ற நிலை சரியல்ல. குளிர்சாதனப் பெட்டி வாங்கும்போது அது வருடத்துக்கு எத்தனை யூனிட் எரிக்கும் என்பதை முகப்பிலேயே ஒட்டச் செய்திருக்கிறது இந்திய அரசு. படிக்கத் தெரிந்த எவரும் இரண்டு பெட்டிகளை ஒப்பிடலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. லேப்டாப்பிலும் அதையே கேட்கலாம். கிராபிக்ஸ் சிப்புக்கு எத்தனை வாட், அதன் நினைவகம் எத்தனை ஜிபி, ரேம் எத்தனை துண்டு, எத்தனை ஸ்லாட் காலி, திரையின் நிற அளவு எவ்வளவு — ஐந்து எண்கள். எல்லாம் தயாரிப்பாளரிடம் ஏற்கனவே இருப்பவை. அச்சிட ஒரு ரூபாய்கூட ஆகாது. நுகர்வோர் அமைப்புகள் இதைக் கோரிக்கையாக எழுப்ப வேண்டும். அரசு கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, இந்த ஐந்து எண்களையும் எழுதிக் கொடுத்தால்தான் பணம் என்று ஒவ்வொரு கடையிலும் நாம் கேட்போம். கேட்பவர்கள் பெருகினால் விற்பவர்கள் தெரிந்துகொள்வார்கள். விற்பவர்கள் கேட்கத் தொடங்கினால் தயாரிப்பவர்கள் சொல்லித்தான் ஆக வேண்டும்.