யாரும் அழைக்கமாட்டார்கள், நீயே போ!

“எனக்கு என்ன தெரியும்? நான் போய்ப் பெண்பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுப்பேன்?” தொண்டு என்றதும் நம் பெண்கள் முதலில் நீட்டும் கேடயம் இது. கீழே போடு தோழி, அந்தக் கேடயத்தை! சம்பளத்தை மாதக் கடைசிவரை இழுத்துப் பிடிக்கத் தெரியும். பேருந்து நெரிசலில் அத்துமீறும் கையை முறைத்தே விலக்கத் தெரியும். நடுராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பதறாமல் நிற்கத் தெரியும். ஆனால் கேட்டால் ஒன்றுமே தெரியாதாம்!

அழைப்புக்குக் காத்திராத சிறுமிகளின் கதை ஒன்று சொல்கிறேன், கேள். 1909 செப்டம்பர். லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணர் பேரணி. பேடன் பவல் பையன்களுக்கென்று தொடங்கிய இயக்கம். திரண்டிருந்தவர்களும் ஆயிரக்கணக்கான பையன்கள்தாம். அவர்களுக்கு நடுவே தொப்பியும் கைத்தடியுமாக வந்து நின்றது ஒரு சிறுமியர் கூட்டம். அவர்களை யாரும் அழைக்கவில்லை. அதற்கு முன்பே பல சிறுமிகள் பெண் என்று தெரியாதபடி இனிஷியலை மட்டும் எழுதி இயக்கத்தில் பதிந்துகொண்டிருந்தார்கள். இப்போது நேரிலேயே வந்து, எங்களுக்கும் இடம் கொடு என்றார்கள். மறு ஆண்டே, பேடன் பவலின் தங்கை ஆக்னஸின் பொறுப்பில் சாரணியர் இயக்கம் பிறந்தது.

பெண்பிள்ளைகள் கூடாரம் அடிப்பதா என்று முகம் சுளித்தவர்கள் அன்று ஏராளம். முதல் உலகப்போர் வந்தது. பிரிட்டிஷ் உளவுத்துறையான எம்.ஐ.5 ரகசியத் தகவல்களைக் கொண்டுபோக முதலில் சாரணப் பையன்களை வைத்துப் பார்த்தது. அவர்கள் ஓயாமல் பேசுகிறார்கள் என்று சலித்து, சாரணியரை அமர்த்திக்கொண்டது. பெண்ணின் வாயில் ரகசியம் தங்காது என்று சொல்லித் திரிகிறவர்கள் கவனிக்க!

இந்தியாவில் முதல் சாரணியர் குழு 1911-இல் ஜபல்பூரில் தொடங்கியபோது அதில் ஐரோப்பியச் சிறுமிகளுக்கே இடம். நம் பிள்ளைகளுக்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் கதவு திறந்தது. இன்று பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் பள்ளி மாணவியர் நீலச் சீருடையில் அணிவகுக்கிறார்கள். உலகச் சாரணியரின் ஐந்து மையங்களில் ஒன்றான ‘சங்கம்’, 1966 முதல் புனேயில் இருக்கிறது.

அப்படியானால் குறை எங்கே? பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள். கூட நிற்கப் பெரியவள் ஒருத்தி இல்லை. சாரணியர் குழுவை நடத்தப் பெண்தான் வேண்டும். அவள் வராவிட்டால் அந்தப் பள்ளியில் குழுவே கிடையாது. நீ வீட்டில் உட்கார்ந்து “எனக்கு என்ன தெரியும்” என்று சொல்லும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கே ஒரு மைதானம் காலியாகக் கிடக்கிறது.

முடிச்சுப் போடத் தெரியாதா? முதலுதவி தெரியாதா? அதற்குத்தான் அடிப்படைப் பயிற்சி முகாம் இருக்கிறது, அங்கே கற்றுக்கொள்ளலாம். கடினமான வேலை வேறு. சாரணியர் குழு சிறு சிறு அணிகளாகப் பிரியும். ஓர் அணிக்கு ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள், அவர்களுக்குள்ளேயே ஓர் அணித்தலைவி. முகாமில் என்ன சமைப்பது, கையிலுள்ள பணத்தில் என்ன வாங்குவது, யார் தண்ணீர் எடுப்பது எல்லாவற்றையும் அந்தப் பன்னிரண்டு வயதுக்காரி தன் அணியோடு பேசி முடிவெடுக்க வேண்டும். விறகு ஈரமாக இருக்கும், புகையும். சோறு குழைந்துபோகும். கூடாரக் கயிறு தளர்ந்து துணி சரியும். உன் கை துறுதுறுக்கும். “தள்ளு, நான் செய்கிறேன்” என்று நாக்கு நுனிவரை வரும். அடக்கு! ஆபத்து என்றால் பாய்ந்து போ. மற்றபடி நின்று பார். ‘பார்த்துப் போ’, ‘சத்தமாகச் சிரிக்காதே’ என்று கேட்டே வளர்ந்தவளிடம் ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று கேட்ட முதல் ஆள் நீயாகவே இருக்கலாம். குழைந்த சோற்றைத் தின்றுவிட்டு, நாளைக்குத் தண்ணீரைக் குறைப்போம் என்று அவள் தானாகச் சொல்வாள் பார், அதுதான் தன்னம்பிக்கை. மேடைப் பேச்சால் அது வராது. இந்தக் கட்டுரையாலும் வராது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். சான்றிதழுக்காகவும் புகைப்படத்துக்காகவும் வருகிறவர்கள் தயவுசெய்து வரவேண்டாம். மூன்று வாரம் வந்து காணாமல் போகிறவள், வராதவளைவிட அதிகக் கெடுதல் செய்கிறாள்; பெரியவர்கள் சொல்லிவிட்டு வரமாட்டார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறாள். மாதம் இரண்டு நாள்தான் முடியுமா? இரண்டு நாள் என்றே சொல், அந்த இரண்டு நாளும் போய் நில். உன் பின்புலத்தை விசாரித்தால் கோபித்துக்கொள்ளாதே. விசாரிக்காமல் சேர்த்துக்கொள்ளும் இடத்தைப் பார்த்துத்தான் நீ பயப்பட வேண்டும்.

ஊர் என்ன சொல்லும் என்கிறாயா? கிரிஸ்டல் பேலஸ் சிறுமிகளையும் ஊர் சொன்னது!

உன் தெருவுக்குப் பக்கத்துப் பள்ளிக்கு நாளைக்கே போ. தலைமையாசிரியரிடம், “இங்கே சாரணியர் குழு இருக்கிறதா?” என்று கேள். இருந்தால், உதவிக்கு வருகிறேன் என்று சொல். இல்லை என்றால், “நான் நடத்துகிறேன், மாவட்டச் சாரணியர் அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும்?” என்று கேள்.