எது அந்த டிராக்டர்?

பழைய டிராக்டர் ஒன்றின் ஜாதகத்தைக் கணிப்பது சுலபம் என்றுதான் தோன்றும். பார்த்தால் தெரியாதா? தெரியாவிட்டால், எங்கேயாவது எண் பொறித்திருக்க மாட்டார்களா?

அமெரிக்காவில் ஹென்றி போர்டும் ஹாரி பெர்குசனும் வெறும் கைகுலுக்கலையே ஒப்பந்தமாகக் கொண்டு தொழிலில் இறங்கினார்கள். அதன் பயனாக 1939-இல் '9என்' என்ற டிராக்டர் பிறந்தது. 1942-இல் யுத்தத்தின் நடுவே '2என்' வந்தது. ரப்பரும் தாமிரமும் ராணுவத்துக்குப் போய்விட்டபடியால், அதில் பல வண்டிகள் இரும்புச் சக்கரத்துடன், பாட்டரி இல்லாமல் வெளிவந்தன. 1947-இல் வந்த '8என்'னுக்கு நாலு கியர். சாம்பல் நிறத் தகடுகளுக்குக் கீழே சிவப்பு வயிறு. முந்தைய இரண்டுக்கும் மூன்றே கியர். உடம்பெல்லாம் சாம்பல் நிறம்.

ஆகவே, 8என்னைக் கண்டுபிடித்துவிடலாம். தொல்லை மற்ற இரண்டில்தான். ரப்பர் கிடைத்ததும் விவசாயிகள் இரும்புச் சக்கரத்தைக் கழற்றி எறிந்தார்கள், பாட்டரியும் பொருத்தினார்கள். 2என் பார்வைக்கு 9என் ஆகிவிட்டது. சரி, எண்ணைப் பார்ப்போம் என்றால், வேடிக்கையைக் கேளுங்கள்: 2என்னின் எண்ணும் '9என்' என்றே ஆரம்பிக்கிறது! அதுவும் எஞ்சினின் இடது பக்கத்தில் பொறித்த எண். எஞ்சினை மாற்றினால் எண்ணும் அதோடு போய்விடும்.

சக்கரம் ரதமா, அச்சு ரதமா என்று நாகசேனர் மிலிந்த மன்னனைக் கேட்டார். எதுவுமே தனியாக ரதம் இல்லை. ரதம் என்பது வழங்கும் பெயர்தான் என்பது அவர் முடிவு. ஆனால் நாகசேனர் அந்த ரதத்தை விற்க வரவில்லை. விலை என்று ஒன்று வந்துவிட்டால், தத்துவம் தர்மமாக மாறிவிடுகிறது.

என்னைக் கேட்டால், டயர் மாட்டிய விவசாயி எந்தப் பொய்யும் சொல்லவில்லை. உழ வேண்டியிருந்தது, மாட்டினார். இன்று ஒருவர் எங்கிருந்தோ இரும்புச் சக்கரம் தேடிப் பிடித்துப் பொருத்தி, புது வர்ணம் அடித்து, "தொடாத வண்டி" என்று சேகரிப்பவரிடம் நீட்டுகிறார். அவருடைய வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்த உருவத்துக்கு மிக நெருங்கியிருக்கிறது. உண்மைக்கு அவ்வளவு தூரம் விலகியிருக்கிறது. குற்றம் சக்கரத்தில் இல்லை, வர்ணத்திலும் இல்லை. "இதை நான் மாற்றினேன்" என்ற ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டதில் இருக்கிறது.

நாமும் புதிதாக ஒருவரைக் கண்டால் எந்த ஊர், யார் பிள்ளை என்றுதான் முதலில் விசாரிக்கிறோம். அதுவும் எஞ்சினில் பொறித்த எண் மாதிரிதான். பொய்யல்ல, பிறந்த அன்று அடித்த முத்திரை. அதற்குப் பிறகு அவர் எதை இழந்தார், எதை எங்கே தேடி வாங்கிப் பொருத்திக்கொண்டு வண்டியை ஓட்டினார் என்பதை அது சொல்லாது. அதை அவரேதான் சொல்ல வேண்டும். நாமும் சற்று உட்கார்ந்து கேட்க வேண்டும்.