மாலை ஜெபமும் நான்காவது ஆளும்

ஒரு தீர்மானத்துக்கு முன்னால், விளக்கு வைத்த பிறகு, ஒருவன் முழங்காலிட்டு வழி காட்டும்படி கேட்கிறான். உண்மையில் அவன் கேட்பது என்ன? தகவலா, அனுமதியா, அல்லது தன் ஆசைக்கு ஒரு கையெழுத்தா? கிறிஸ்தவ வீடுகளில் மாலை ஜெபம் தினசரிப் பழக்கம். பழக்கம் இந்த மாதிரிக் கேள்விகளைத் தின்றுவிடும். ஆனால் மறுநாள் காலையில் எழுந்து 'ஆண்டவர் காட்டிவிட்டார்' என்று அவன் சொல்லும்போது, கேட்டுக்கொண்டு நிற்கிற மனைவிக்கோ தம்பிக்கோ கூட வேலை செய்கிறவருக்கோ பிரச்னை தொடங்கிவிடுகிறது. அந்த வாக்கியத்துக்குப் பதில் சொல்ல முடியாது.

கள்ளக்குறிச்சியிலிருந்து பார்த்தால் சூரியன் கல்வராயன் மலைக்குப் பின்னால் இறங்குகிறது. நம் இலக்கணம் குறிஞ்சிக்கு யாமத்தையும் முல்லைக்கு மாலையையும் கொடுத்தது. யாமம் கூடுவதற்கு, மாலை காத்திருப்பதற்கு. மாலையில் கை ஓய்ந்துவிடுகிறது, செய்ய எதுவும் மிச்சமில்லை. வரவேண்டியவர் வரவில்லை என்பது மட்டும் உறைக்கிறது. தீர்மானம் கேட்கிற ஜெபம் மாலைக்குரியதானதில் பொருத்தம் இருக்கிறது. ஆபத்தும் அங்கேதான். களைத்த மனம் எந்த உருவத்தையும் சீக்கிரம் நம்பிவிடும்.

இதே கேள்வியைத் தமிழ்நாட்டு ஊர்கள் வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டிருக்கின்றன. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டு, விவரம் அறியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொல்கிறார்கள். படித்த கிறிஸ்தவர் இதைக் கண்டு சிரிப்பார். ஆனால் அப்போஸ்தலருடைய நடபடிகள் முதல் அதிகாரத்தில், யூதாஸின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தது ஜெபம் செய்து போட்ட சீட்டுதான். 1760-இல் தரங்கம்பாடிக்கு வந்து குடியேறிய மொரேவியச் சகோதரர்கள், தங்கள் திருமணங்களைக்கூடச் சீட்டுப் போட்டு ஆண்டவரிடம் கேட்ட சபையைச் சேர்ந்தவர்கள். இன்றும் புது வருஷத்தில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் கைக்கும் பூப்பொட்டலம் எடுக்கும் கைக்கும் அதிக தூரமில்லை. பூக்கேட்பதில் ஒரு நேர்மை இருப்பதாகவே எனக்குப் படுகிறது. எல்லோர் கண் முன்னாலும் நடக்கிறது. எடுத்தது எந்தப் பூ என்று அங்கே நிற்கிறவர்கள் பார்க்கலாம். உள்ளே கேட்ட குரலுக்கு அந்தச் சோதனை கிடையாது.

2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது அதில் சேர்ந்த திருக்கோவிலூரில், நூறு ஆண்டுகளுக்கு முன் எஸ்தர் ஃபேரிங் என்ற டேனிஷ் மிஷனரிப் பெண் வேலை செய்துகொண்டிருந்தார். 1917 ஜனவரியில் ஆன் மேரி பீட்டர்சன் என்ற தோழியுடன் ஆமதாபாத் போய்க் காந்தியின் ஆசிரமத்தைப் பார்த்தார். திரும்பிய பிறகு காந்தியிடமிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. இந்த உறவு மிஷனுக்குப் பிடிக்கவில்லை. அரசாங்கத்தின் சந்தேகமும் சேர்ந்துகொண்டது. எஸ்தர் மிஷனுக்குக் கட்டுப்பட்டவர், அவரை அனுப்பியது அது. 1919-இல் அதிலிருந்து விலகினார். ஆசிரமத்துக்குப் போனார்.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிற்கவேண்டும். எஸ்தர் ஜெபிக்கிற பெண். மிஷனில் அவருக்கு மேலிருந்தவர்களும் ஜெபிக்கிறவர்கள்தான். ஒரே லுத்தரன் ஞானோபதேசம், ஒரே வேதப் புத்தகம். முழங்காலிட்டு எழுந்தவர்களில் ஒரு தரப்பு 'இரு' என்றது, மறு தரப்பு 'போகிறேன்' என்றது. வழிகாட்டுதல் ஒரு தகவல் என்றால் இரண்டில் ஒன்று பொய்யாக இருக்கவேண்டும். 'யாரோ ஒருவர் சரியாக ஜெபிக்கவில்லை' என்று சொல்வது சபைகளின் வழக்கமான தப்பித்தல். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்த மிஷனே ஒரு விலகலில் பிறந்தது. கார்ல் ஓக்ஸ் என்பவர், சாதி வேற்றுமையைச் சபைக்குள் பொறுத்துக்கொள்வது பற்றி லைப்சிக் மிஷனோடு முரண்பட்டு வெளியேறியவர். 1860களின் தொடக்கத்தில் தென்னாற்காட்டு மேல்பட்டாம்பாக்கத்தில் வேலையைத் தொடங்கினார். டேனிஷ் மிஷன் அதன்மேல்தான் எழுந்தது. லைப்சிக்காரர்களும் தங்கள் நிலையை ஜெபமில்லாமலா எடுத்திருப்பார்கள்? மனசாட்சியால் உடைத்துக்கொண்டு வந்த ஸ்தாபனம், அரை நூற்றாண்டில் அடுத்த மனசாட்சியைச் சந்தேகிக்கத் தொடங்கிவிடுகிறது. ஸ்தாபனங்களின் குணம் அது. சிறு பத்திரிகைக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

எஸ்தர் போய்ச் சேர்ந்தது இன்னொரு மாலைப் பிரார்த்தனைக்கு. அங்கே பிரியமாக இருந்த பாட்டுகளில் ஒன்று, 1833-இல் நியூமன் என்ற ஆங்கிலப் பாதிரியார் எழுதியது. சிசிலியில் நோயில் கிடந்து ஊர் திரும்பும்போது, காற்றில்லாமல் கப்பல் நடுக்கடலில் நின்றுபோயிருந்த சமயம். இருட்டில் ஒரு அடி வைக்கும் அளவு வெளிச்சத்துக்கு மேல் அந்தப் பாட்டு எதையும் கேட்பதில்லை. நியூமன் ரோமன் கத்தோலிக்கராக மாறியது 1845-இல். நடுவில் பன்னிரண்டு வருஷம்! ஒரே இரவில் பதில் கேட்கிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம்.

ஆனால் அந்தப் பாட்டை விரும்பிய காந்தியோ, 1932 செப்டம்பரிலும் 1933 மேயிலும் ஒரு அடி வெளிச்சத்தோடு நிற்கவில்லை. 1933-இல் இருபத்தொரு நாள் உண்ணாவிரதத்துக்கு முன் ஓர் இரவில் குரலைத் தெளிவாகக் கேட்டதாகவும், உலகமே கூடி மறுத்தாலும் அந்த நம்பிக்கை அசையாது என்றும் எழுதினார். அதில் வருந்தினால் அவர் உடம்பு வருந்தும். அவரைப் பொறுத்த விஷயம் என்று விட்டுவிடலாம். 1932 அப்படி அல்ல. தாழ்த்தப்பட்டோருக்குத் தனித் தொகுதி கூடாது என்று சாகும்வரை உண்ணாவிரதம் இருந்தார். அதையும் கடவுளின் அழைப்பாகவே சொன்னார். எதிரே அம்பேத்கர். அவரிடம் இருந்தது தர்க்கம், சரித்திரம், தன் மக்களின் கோரிக்கை. கடவுளின் அழைப்புக்கு எதிரில் இவற்றை எங்கே வைப்பது? செப்டம்பர் 24-இல் கையெழுத்திட்டார். காந்தியின் ஜெபம் பொய் என்று நான் சொல்லவில்லை. மெய்யாகவே இருக்கட்டும். மெய்யான ஜெபமும் இன்னொருவன் கழுத்தில் வந்து உட்காரும் என்பதுதான் இதில் பயங்கரம்.

தனக்குக் கிடைத்த வெளிச்சத்தை 'நான்' என்ற எழுவாயோடு சொல்லத் தெரியாதவன் ஜெபிக்காமல் இருப்பது மேல். 'நான் தீர்மானித்தேன், தவறாகவும் இருக்கலாம், விளைவு என்னைச் சேரும்' - ஜெபத்துக்குப் பிறகு ஒருவன் இப்படிப் பேசினால் நான் அவனை நம்புவேன். கடவுளை எழுவாயாக்கித் தன்னைச் செயப்படுபொருளாக்கிக்கொள்கிற வாக்கியத்தில் ஒரு கோழைத்தனம் ஒளிந்திருக்கிறது. வரி தானாக வந்து விழுந்தது என்று பீற்றிக்கொள்ளும் நம் கவிஞர்களிடமும் இது உண்டு.

சுவிசேஷங்களே இந்த வியாபாரத்துக்கு ஒத்துழைப்பதில்லை. லூக்கா ஆறாம் அதிகாரத்தில் இயேசு மலைக்குப் போய் இரவு முழுதும் ஜெபிக்கிறார். விடிந்ததும் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கிறார். அந்தப் பன்னிரண்டில் ஒருவன் யூதாஸ். கெத்செமனேயில் மூன்று முறை கேட்கிறார். பதிலாக எந்த வார்த்தையும் வரவில்லை. லூக்கா மட்டும் பலப்படுத்த ஒரு தூதன் வந்ததாகச் சொல்கிறார், அந்தத் தூதனும் வாய் திறப்பதில்லை. நண்பர்கள் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர் எழுந்து, தீவட்டிகளோடு வருகிறவர்களை எதிர்கொள்கிறார். ஜெபத்துக்கு முன்னிருந்த சூழ்நிலைதான் பின்னும் இருக்கிறது, ஒரு இம்மிகூட மாறவில்லை.

அப்படியானால் அந்த நேரத்தில் என்னதான் நடக்கிறது? திருக்கோவிலூர் ஒரு பதில் வைத்திருக்கிறது, அது கிறிஸ்தவப் பதில் இல்லை என்பதால் நான் அதை விடத் தயாராக இல்லை. மழை இரவில் ஒரு வீட்டு இடைகழியில் பொய்கையார் ஒதுங்குகிறார். ஒருவர் படுக்கலாம். பூதத்தார் வருகிறார், இருவர் உட்காரலாம். பேயார் வருகிறார், மூவர் நிற்கலாம். அப்புறம் இருட்டில் நெருக்குதல். நான்காவதாக யாரோ. அந்த நான்காவது ஆள் எதுவும் சொல்லவில்லை, எந்த வழியையும் காட்டவில்லை. நெருக்கினார், அவ்வளவுதான். விளக்கை ஏற்றியது இவர்கள், அதுவும் தங்கள் வெண்பாவால்.

மாலை ஜெபத்தில் கிடைப்பது இந்த நெருக்கம் என்று நினைக்கிறேன். தனியாக இருக்கும்போது ஒருவன் தன்னிடமே சௌகரியமாகப் பொய் சொல்லிக்கொள்ளலாம். பக்கத்தில் முகஸ்துதிக்கு மசியாத ஒருவர் நிற்கிறார் என்று உணர்ந்தால் அதே பொய்யை வாய்விட்டுச் சொல்வது கஷ்டம். சொல்லிப் பார்க்கிறான், நாக்கு தடுமாறுகிறது. எந்த இடத்தில் தடுமாறியது என்பது அவனுக்கு மட்டும் தெரியும்.

காந்தி எஸ்தருக்கு எழுதிய கடிதங்கள் 'என் அருமைக் குழந்தைக்கு' என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் 1956-இல் நவஜீவன் வெளியீடாக வந்தன. அவை மகாத்மா பக்கத்துக் குரல். திருக்கோவிலூரில் பெண்ணையாற்றுப் பக்கம் இருட்டியபின் அந்தப் பெண் எந்த வாக்கியத்தில் தடுமாறினார் என்பது அந்தப் புத்தகத்தில் இல்லை.