பொறுமை சொல்லுமுன் நம்புவோம்



நம் செவிக்குக் கேளாத ஓசையால் ஒருவர் வருந்தும்போது, அவர் சொல்லை நம்பும் கடமை நமக்கு உண்டா?

தோட்டவெளிப் பெரியவர் ஒருவர் ஒரு மாலை என்னிடம் வந்தார். முதல்நாட் காலை விழித்தபோது வலது காது கேட்கவில்லையாம். உள்ளே ஓயாத இரைச்சலாம். வீட்டார் காதுக்குள் எண்ணெய் விட்டார்கள். "எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லையே, எல்லாம் மனப்பிராந்தி" என்றார்கள். நானோ, "ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டேன். அவர் வைத்தியசாலைக்குப் போனது மூன்று வாரங்களுக்குப் பின்னர்தான். அந்தத் தாமதத்தில் எனக்கும் பங்குண்டு.

நரம்பு சார்ந்த திடீர்ச் செவிப்புலன் இழப்பு ஓர் அவசர நோய். 72 மணி நேரத்துக்குள், பெரும்பாலும் ஒரு காதில், கேட்கும் ஆற்றல் சரிந்துவிடும். பலருக்கு இரைச்சலும் கூடவே வரும். ஸ்டீரொயிட் மருந்தை முதல் இரு வாரங்களுக்குள் தொடங்குவது நல்லது. நாள் கடக்கக் கடக்கப் பயன் குறையும். விமானத்தை விட்டு இறங்கியபோது திடீரெனக் காது கேளாமற்போனதாகப் பின்னணிப் பாடகி அல்கா யாக்னிக் 2024 ஜூனில் அறிவித்தார். இசையிலே வாழ்ந்த செவிக்கும் விலக்கில்லை.

செவிப்புலன் முழுவதும் திரும்பாவிட்டாலும் வழி அடைபட்டுவிடவில்லை. காதிலிருந்து வரவேண்டிய செய்தி குறையும்போது மூளை தன் கூர்மையைக் கூட்டிக்கொள்கிறது. அதனாலேயே இல்லாத ஓசை கேட்கிறது என்பது இன்றைய விளக்கம். இரவின் அமைதியில் அது பெருகும். ஆகவே மெல்லிய ஓசையொன்றைத் துணைக்கு வைக்கிறார்கள்: மின்விசிறி, மழை, அலையோசை. சிலருக்குக் காது கேட்கும் கருவியே உதவும். இரைச்சலை மூழ்கடிக்க ஓசையைக் கூட்டுவதில்லை. கவனம் அதைவிட்டு மெல்ல விலகினாற் போதும். 1821 இலேயே பிரெஞ்சு வைத்தியர் இட்டார்ட் அடுப்புத் தீயின் ஒலியையும் நீராலையின் ஒலியையும் இதற்குப் பரிந்துரைத்தார். இது இழந்த செவிப்புலனை மீட்காது. எல்லாருக்கும் ஒரேயளவு பயன் தராது. மாதக்கணக்கில் பொறுமையும் வேண்டும்.

பொறுமைக்குரிய இடம் இதுவே. 1544 இல் மன்னாரில் உயிர்கொடுத்த வேதசாட்சிகளை நினைவுகூரும் மண் தோட்டவெளி. துன்பம் பொறுத்தலைப் புகழ்வது நமக்கு எளிது. ஆனால் விசுவாசத்துக்காகத் தெரிந்தே ஏற்ற துன்பம் வேறு. மருந்திருந்தும், நம்புவாரின்றி ஒருவர் சுமக்கும் துன்பம் வேறு. பின்னதைச் சிலுவை என்று பெயரிட்டு அவர் தோளில் வைக்க நாம் யார்? காது கேளாதவருக்கு இயேசு பொறுமையைப் போதித்து அனுப்பவில்லை. அவரைத் தனியே அழைத்துச் சென்று, அவருடைய காதுகளில் தம் விரல்களை வைத்தார்.

பெரியவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். இப்போது தலைமாட்டில் வானொலியைத் தணிவாக வைத்துக்கொண்டு ஓரளவு உறங்குகிறார். அவரோடு பேசுவோர் இடப்பக்கம் அமரப் பழகியிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் ஒருவர், "திடீரென்று காது கேட்கவில்லை, உள்ளே இரைகிறது" என்றால் முதலில் நம்புங்கள். அன்றே வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். பொறுமையைப் பற்றிப் பிறகு பேசலாம். அதுவும் அவர் அருகில் அமர்ந்து.