காவலின் பாவம் யாரைச் சேரும்?

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஏரிக்கரைகளிலும் வயல்வெளிகளிலும் இன்றளவும் நிற்கும் நடுகற்களில், பகைவர் கவர்ந்துசென்ற ஆநிரையை மீட்கப் போய் மாண்ட வீரர்களின் உருவங்களைக் காண்கிறோம். அவர்கள் கையில் வாளும் வில்லும் இருக்கின்றன. எனினும் ஊரார் அவர்களைத் தெய்வமாக்கிப் படையலிட்டது, ஊரைக் காக்கும் பொருட்டுத் தம் உயிரையே தத்தம் செய்த தியாகத்துக்காக. தன் உயிரைக் கொடுப்பவனுக்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. பிறன் தோளில் கைவைப்பவனுக்கோ அதிகாரம் வேண்டும். அந்த அதிகாரத்தை ராஜ்யம் ஊராரிலேயே ஒருவனிடம் ஒப்படைக்கும்போது, அவன் கையால் விளையும் பாவம் யாரைச் சேரும்?

இந்த மண்ணில் இக்கேள்வி பழையது. 1792இல் கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால் கும்பினியார் வசமானபோது ரீட் துரையின் உதவியாளராக வந்து, ஏழாண்டுகள் கிராமங்களின் போக்கை நேரில் கண்டறிந்த தாமஸ் மன்றோ, பின்னாளில் நீதிச் சீர்திருத்தத்தை முன்னின்று நடத்தியபோது, போலீஸ் அதிகாரத்தைக் கிராமத் தலைவர்களிடமும் அவர்களுக்குக் கீழ்ப்பட்ட தலையாரிகளிடமும் சேர்ப்பித்தார். 1816ஆம் ஆண்டின் 11ஆவது ரெகுலேஷன் அது. அற்பக் குற்றம் செய்தவனை ஊர்ச் சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்துவைக்கத் தலைவனுக்கு உரிமையளித்த அச்சட்டம், அவன் கீழ்ச்சாதி எனப்பட்டவனாயின் தொழுமரத்தில் மாட்டலாம் என்றும் சொல்லிற்று. ஊரானிடம் கோலைக் கொடுத்தால் ஊரின் வாஞ்சையோடு ஊரின் ஜாதியும் அந்தக் கோலில் ஏறிக்கொள்ளும் என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டாம். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் அத்தகைய கிராமத் தலைவராக, அதாவது முன்சீப்பாக, இருந்தவரின் புதல்வர்தாம், 1950இன் இறுதியில் தேசம் முழுமைக்கும் உள்துறை அமைச்சரான ராஜாஜி. நல்ல முன்சீப்புகள் பலர் இருந்திருப்பர். ஆனால் அவர்கள் வாய்ப்பது ஜனங்களின் அதிர்ஷ்டம், அதிர்ஷ்டத்தின்மேல் நியாயத்தைக் கட்ட இயலாது. தமிழ்நாட்டில் பரம்பரையாய் வந்த அந்த முன்சீப்புப் பதவிகள் 1980இல் ஒழிந்தன.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை இவ்விஷயத்தை அடிவரை ஆராய்ந்திருக்கிறது. பொற்கொல்லன் சொல்லை விசாரியாமல் பாண்டியன் ஏவிவிட்ட காவலர், மதுரைக்குப் புதியவனான கோவலனைக் கண்டதும் தயங்குகிறார்கள். இவன் தோற்றம் கள்வனின் தோற்றமாயில்லையே என்கிறார்கள். பொற்கொல்லனோ கள்வரின் தந்திரங்களைச் சாஸ்திரம்போல் அடுக்குகிறான். காவலரில் ஒருவன், முன்பொரு மழையிருளில் கள்வன் ஒருவன் தன் வாளையே பறித்துக்கொண்டு மறைந்த அனுபவத்தைச் சொல்கிறான். அச்சம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுகிறது. கல்வியற்ற குடியன் ஒருவன் சட்டென்று வெட்டிவிடுகிறான். அத்தனை பேர் மனத்திலும் எழுந்த சந்தேகம் ஒரு கணமேனும் நின்று விசாரணையாக மாறியிருந்தால் அந்த உயிர் பிழைத்திருக்கும். பின்னர் உண்மை வெளிப்பட்டபோது, வெட்டியவன் ஒரு காவலன்தானே என்று பாண்டியன் தப்பிக்கப் பார்க்கவில்லை; கள்வன் தானே என்று ஏற்று அரியணையிலேயே உயிர்விட்டான். காவலை ஒப்படைக்கலாம், பழியை ஒப்படைக்க முடியாது என்பது அவன் கண்ட தர்மம். அதை நான் முழுமையாக ஏற்கிறேன்.

நம் காலத்தில் 1993இல் ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாயிருந்த பிரதீப் வி. பிலிப், ஊராரையும் போலீசாரையும் நெருங்கச் செய்யும் நோக்கத்தோடு ‘போலீஸ் நண்பர்கள் குழு’வைத் தொடங்கினார். நல்ல சங்கற்பம்தான். ஆயினும் 2020இல் சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் வதைபட்டு மாண்டதை அடுத்து, அக்குழுவினர்மீதும் புகார் எழ, அரசு ஜூலையில் அந்த அமைப்பைத் தடைசெய்தது. எந்த நியமனமும் இல்லாமல் தாமே காவலராகிவிடும் கூட்டமும் உண்டு. 2018 மே மாதம், குலதெய்வத்தைக் கும்பிடப் போளூர்ப் பக்கம் வந்த மூதாட்டி ஒருவர் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவள் என்ற வதந்தியை நம்பி அவரை அடித்தே கொன்றுவிட்டார்கள். அடித்தவர்கள் ஊரைக் காப்பதாகவே எண்ணியிருப்பார்கள் என்பதுதான் என் நெஞ்சை அறுக்கிறது.

முகம் தெரிந்தவனை அடையாளம் காண்பதே தலையாரியின் வித்தை. சிப்காட் தொழிற்பேட்டை வந்து ஐம்பது ஆண்டுகளில், தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் ஓசூரில் ஒடியாவும் ஹிந்தியும் சேர்ந்துவிட்டபின், அந்த வித்தை யாருக்குப் பலிக்கும்? இரண்டாம் ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, லைன் வீட்டுச் சந்துக்குள் நடக்கிற பையனுக்கு அந்த ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருவருமில்லை. ரோந்துக்காரனின் டார்ச் அவன் முகத்தில்தான் முதலில் விழுகிறது. அவன் கோவலனைப் போலப் புதியவன். அவனுக்கு அபயமளிப்பதே காவலின் முதல் தர்மம் என்று கருதுகிறேன். ஊரானைக் காக்க உறவும் ஜாதியும் உண்டு, இவனுக்குக் காவலைத் தவிர வேறு பந்து இல்லை.

ஆகவே ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் கிராமக் கண்காணிப்புக் குழு அமைப்போர், அதில் லைன் வீட்டில் குடியிருக்கும் வெளிமாநிலத்தவர் ஒருவரையும் உட்கார வைக்கட்டும். ரோந்து போகிறவன் எவரையும் நிறுத்திப் போலீசுக்குத் தகவல் சொல்லலாமேயன்றிக் கை ஓங்கலாகாது என்பதை எழுத்தில் கொடுக்கட்டும். அந்த எழுத்தின் கீழ், நியமித்த அதிகாரி தம் பெயரைப் போட்டுக் கையெழுத்திடட்டும்.