மறுப்பின் இலக்கணம்

"'நோ' என்றால் என்ன பொருள், ஐயா?"

ஆங்கிலப் பாட வேளையிலே மாணவன் ஒருவன் கேட்டான். "இல்லை" என்றேன். அவன் அமர்ந்துவிட்டான். என் மனமோ அமரவில்லை!

பணம் இருக்கிறதா? நோ. இது உன் நூலா? நோ. காப்பி வேண்டுமா? அதற்கும் நோ! ஆங்கிலத்தில் ஒரே சொல். தமிழிலோ இல்லை, அன்று, வேண்டாம் எனத் தனித்தனிச் சொற்கள். அது மட்டுமா? இன்றைய வழக்கில், 'முடியாது' என்பது ஆற்றலின்மை. 'மாட்டேன்' என்பது உள்ளத்தின் உறுதி. இவ்வேற்றுமை ஏட்டு இலக்கணம் மட்டுமன்று, தோழர்களே, வாழ்வின் இலக்கணம்!

1955 டிசம்பர் 1. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து மாண்ட்கமரி நகர். தையல் வேலை முடித்துப் பேருந்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார், 42 வயதுக் கறுப்பினப் பெண்மணி ரோசா பார்க்ஸ். வெள்ளையர் ஒருவர் உட்காருவதற்காக அவ்வரிசையில் இருந்த நால்வரையும் எழச் சொன்னார் ஓட்டுநர். மூவர் எழுந்தனர். ரோசா பார்க்ஸ் "நோ" என்றார்.

இந்த 'நோ'வைத் தமிழில் எப்படிப் பெயர்ப்பது? களைத்த கால்கள், எழ முடியவில்லை என்று பேசியோர் பலர். அப்படிச் சொன்னால் இரக்கம் பிறக்கும், உண்மை இறக்கும்! உடல் களைப்பன்று, பணிந்து பணிந்து வந்த களைப்பே என்பதுதான் 1992-ல் வெளிவந்த தன்வரலாற்றில் அம்மையார் தந்த விளக்கம். ஆம், அது 'முடியாது' அன்று, 'மாட்டேன்'!

கைது செய்தனர். 10 டாலர் தண்டம், 4 டாலர் வழக்குச் செலவு விதித்தனர். வேலை போயிற்று, 1957-ல் ஊரையும் விட்டார். ஆனால் அந்நகரக் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பேருந்தைப் புறக்கணித்தனர். பெண்கள் நால்வர் தொடுத்த வழக்கிலே, பேருந்துப் பிரிவினை செல்லாது என 1956-ல் உச்ச நீதிமன்றம் முடிவு கண்டது.

நாம் என்ன சொல்கிறோம்? "வரதட்சணையைப் பெற்றோர் கேட்கிறார்கள், என்னால் தடுக்க முடியாது" என்கிறான் பட்டம் பெற்ற இளைஞன். முடியாதா, மனமில்லையா? பசித்தவன் சொல்லும் 'முடியாது' மெய். அதை இகழ்வது கொடுமை. வசதி படைத்தவன் சொல்லும் 'முடியாது'வோ, கோழைத்தனம் போர்த்திய போர்வை! 'வாங்க மாட்டேன்' என்பதற்கு விலை உண்டு. வீட்டார் சினப்பர், உறவு விலகும். அந்த விலைக்கு அஞ்சித்தானே சொல்லை மாற்றுகிறோம்?

மறுநாள் அந்த மாணவனை அழைத்தேன்.

"தம்பி, நேற்று நான் சொன்ன விடை அரைகுறை. யார், யாரிடம், எதற்காகச் சொன்னார் என்று பார், பிறகு அச்சொல்லுக்குப் பொருள் எழுது" என்றேன்.