மாணாக்கரை அறிதல்

எல்லா மாணாக்கரையும் ஒரே கண்ணால் நோக்குபவரே நல்லாசிரியர் என்பது நாம் வழிவழியாகக் கேட்டுவரும் கூற்று. ஆயின், ஒருவரைப் பற்றி ஏதும் அறியாமலே அவரைப் பிறரோடு ஒப்ப நோக்குதல் நடுவுநிலைமை ஆகுமா? விருதுநகர் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் பல்லாண்டுகள் பணியாற்றிய எனக்கு இவ்வினா நூல்களைக் கற்றதால் எழுந்ததன்று. விடுதி உணவறையில் எழுந்தது.

வந்தவாசிப் பகுதியினின்று வந்து சேர்ந்த நம் குடும்பத்து மாணவன் ஒருவன், இரவுண்ணாமை நோற்பவன். விடுதியில் உணவு மணி இரவு ஏழரைக்குத்தான் அடிக்கும். பொழுது சாயுமுன் இரண்டு இட்லியேனும் தருமாறு காப்பாளரிடம் கேட்டான். அவர் கடுமையானவர் அல்லர். "எல்லாருக்கும் ஒரே விதிதான், தம்பி" என்றவர், "நீ மார்வாடியா? தமிழ் நன்றாகப் பேசுகிறாயே!" என்று பரிவோடு வியந்தும் கொண்டார். (இவ்வினாவை எதிர்கொள்ளாத நம்மவர் உண்டோ?) ஒரு பருவம் முழுதும் பொரியும் வாழைப்பழமுமாகக் கழித்த அம்மாணவன், அடுத்த பருவத்தில் நோன்பைக் கைவிட்டான். வெறுப்பால் விளைந்த தீங்கன்று இது, அறியாமையால் விளைந்தது.

அவர் அறியாத வரலாறு அவருடைய மாவட்டத்திலேயே கிடந்தது. வெண்பு நாட்டுக் குறண்டியில் திருக்காட்டாம்பள்ளி என்னும் சமணப் பள்ளி முற்காலத்தில் சிறந்து விளங்கிற்று. அருப்புக்கோட்டைப் பக்கத்துக் குறண்டியே அவ்வூர் என்பர் ஆய்வாளர். மதுரைக்கு மேற்கேயுள்ள சமணர் மலைக் கல்வெட்டு, குறண்டி அஷ்டோபவாசி படாரர், அவர் மாணாக்கர் குணசேன தேவர், அவர் மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள் என மூன்று தலைமுறை ஆசிரிய மரபை உரைக்கின்றது. அப்பெரியடிகள் அங்குத் திருமேனி ஒன்றைச் செய்வித்தது தம் பெயரால் அன்று, கீழ்க்குயில்குடி ஊராரின் பெயரால்.

பிறர் குறையைச் சொல்லி இவ்வளவில் நிறுத்தியிருப்பேன். என் குறையும் ஒன்று உண்டு.

2011-ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரம். பகவான் மகாவீரர் வீடுபேறு எய்திய நன்னாளில் வெடி கொளுத்தி நுண்ணுயிர்களை வதைப்பது இம்சை என்றும், அவ்வெடியைச் செய்து பிழைப்பதும் இம்சையே என்றும் வகுப்பில் பேசினேன். முன்வரிசை மாணவி ஒருத்தி தலைகுனிந்தாள். அவள் தாயார் பட்டாசு ஆலையில் திரி செருகுபவர் என்பதும், அந்த வாரக்கூலியில் மிச்சம் பிடித்தே கல்லூரிக் கட்டணம் கட்டப்படுகின்றது என்பதும் பின்னரே தெரிந்தன.

நம் ஆன்றோர் இம்சையைச் சங்கல்பி, ஆரம்பி, உத்தியமி, விரோதி என நான்காகப் பகுத்தனர். வேண்டுமென்றே செய்வது, இல்லறப் பணியில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது என அவை பொருள்படும். இல்லறத்தார் முற்றும் விலக்க வேண்டியது முதலாவதையே. தீயோடு இயைந்த தொழில்களை விலக்கச் சொல்லும் சிராவக நூல்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆயினும், தொழிலைத் தெரிந்தெடுக்க வாய்ப்புள்ளவனுக்கு உரைத்த விதியை, மழை பொய்க்கும் கரிசல் மண்ணில் வேறு கூலி வேலை காணாத தாய்மேல் ஏற்றலாமா? 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலிலிருந்தே சிவகாசியின் பட்டாசும் வளர்ந்தது. இப்பகுதிக் கல்லூரிகள் பலவும் அச்செல்வத்தால் எழுந்தன. என் ஊதியமும் அதன் நிழலில் வந்ததே. அநேகாந்தத்தை மேடையில் விளக்கிய நான், வகுப்பில் ஒரு பக்கம் மட்டுமே கண்டேன்.

அவளிடம் வருத்தம் தெரிவித்தபோது, "எங்கம்மாவுக்கும் வெடிச் சத்தம் ஆகாது, சார்" என்றாள்.

மறு ஆண்டு, 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். அன்று நண்பகலில் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடித்து முப்பத்தைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கல்லூரியில் வாழ்த்துப் பெற்றுக்கொண்டிருந்த எங்களுள் எத்தனை பேருக்கு, எம் மாணாக்கரின் வீட்டார் எந்த ஆலைக்குச் செல்கின்றனர் என்பது தெரியும்? பெயர்ப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றோம்.

ஆசிரியர்க்கான புத்தாக்கப் பயிற்சிகளில் நானும் அமர்ந்திருக்கிறேன். பண்டிகைகளின் பட்டியல் வாசிக்கப்படும். மாணவனிடம் கேட்டறியும் பழக்கம் அங்குக் கற்பிக்கப்பட்டதில்லை. அந்த விடுதிக் காப்பாளரோ யாரும் சொல்லாமலே மறு ஆண்டுச் சேர்க்கைப் படிவத்தில் இரண்டு வரிகளைச் சேர்த்தார்: உண்ணாதவையும் உண்ணாத வேளையும், பெற்றோர் வேலை செய்யும் இடம். முதல் வரியை நிரப்ப நம் மாணவன் அப்போது விடுதியில் இல்லை.